ஊரிகத்து ஸ்ட்ரோகனாஃப்

வொயிட்ஃபீல்டு ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் அந்தக் கஃபேயில் லதாவுக்கு மூன்று வருடமாக ஒரே வேலைதான்: நறுக்குவது. தினமும் பதினெட்டு கிலோ வெங்காயம், அதன் பிறகு கேரட், குடைமிளகாய், காளான். அடுப்புப் பக்கம் அவள் போவதெல்லாம் நறுக்கியதைக் கொண்டுபோய் வைக்கத்தான். ஸ்டவ்வில் நிற்பவர்களுக்குச் சம்பளம் வேறு, மரியாதை வேறு. எல்லாவற்றையும் விட, சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவர்கள் விரல்கள் விரல்களாகவே மணக்கும்.

கான்டினென்டல் ஸ்டவ்வில் நின்ற ஆள் துபாய்க்கு விமானம் ஏறிய மறுநாள், லதா செஃப் ரூபேஷின் முன்னால் போய் நின்றாள்.

"சார், அந்த ஸ்டவ்வ நான் பாத்துக்கறேன்."

ரூபேஷ் வார்த்தைகளை எடைபோட்டுத்தான் செலவழிப்பார். "ஸ்ட்ரோகனாஃப் தெரியுமா?"

"பாத்துகீறேன் சார். தின்னதில்ல."

மாட்டுக்கறியை மெல்லிசாகச் சீவி, வெண்ணெயில் வாட்டி, வெங்காயமும் காளானும் சேர்த்துப் புளித்த க்ரீமில் முடிக்கிற ரஷ்யக்காரர்களின் சமையல் அது. கஃபேயில் அதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. ரூபேஷ் ஒரு பில்லின் பின்பக்கத்தில் ஆறு வரி எழுதிக் கொடுத்தார்.

"மூணு ஞாயித்துக்கிழமை. வீட்ல பழகு. அதுக்கு அடுத்த திங்கக்கிழமை செஞ்சு கொண்டா. இங்க சூடு பண்ணி எனக்கு ஒரு பிளேட் வை. நல்லா இருந்தா ஸ்டவ் உனக்கு. இல்லன்னா செவ்வாக்கிழமை காலேஜ்ல படிச்ச ஒரு பையன் வர்றான்."

லதா விஷயத்தை வீட்டுக்காரர் கிளமெண்டிடம் மட்டும் சொன்னாள். தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்கு நடுவில் இருக்கிறது சுவர் இல்லை, காது. தோற்றுப்போனால் அத்தனை வீட்டுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. தினமும் ஒரே பெட்டியில் போகிற ரயில் சிநேகிதர்களுக்குக்கூட மூச்சுவிடவில்லை.

முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் ஆண்டர்சன்பேட்டை கறிக்கடைக்குப் போனாள்.

"பாய், எலும்பு வேணாம், கொழுப்பு வேணாம், துண்டு போடவும் வேணாம். அப்படியே ஒரே பீஸா குடுங்க."

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?"

ஊரில் எலும்பும் கொழுப்பும் இல்லாத கறியை நோயாளிக்குத்தான் வாங்குவார்கள். வேறு யார் கேட்டாலும் ஏமாந்த சோணகிரி என்றுதான் நினைப்பார்கள். அவர் கொடுத்ததை வாங்கி வந்த லதா, மெல்லிசாகச் சீவினாள். மூன்று வருடம் வெங்காயம் நறுக்கிய கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதற்குப் பிறகு அவள் கை என்ன செய்தது என்பதை அவள் மூளை கவனிக்கவில்லை. கறி என்றால் குக்கர். இருபது வருடப் பழக்கம். மஞ்சள் போட்டு, இஞ்சி பூண்டு போட்டு, மூடி போட்டு, ஐந்து விசில்.

திறந்து பார்த்தால் கறி இல்லை, கம்பளி நூல் இருந்தது. அதில் க்ரீமை ஊற்றியதும் மஞ்சள் கலந்து மாம்பழ ஐஸ்க்ரீம் நிறத்துக்கு வந்தது.

கிளமெண்ட் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றார். "ரஷ்யாக்காரங்களுக்கு ரொம்பப் பொறுமை."

கிளமெண்ட், மண் தள்ளும் வண்டிகள் செய்கிற பெரிய தொழிற்சாலையில் ஹீட் ட்ரீட்மென்ட் செக்‌ஷனில் இருப்பவர். இரும்பை எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வைத்தால் எப்படி மாறும் என்பதுதான் அவருடைய உத்தியோகம். அதனால் எந்தச் சூட்டைப் பற்றியும் அவரிடம் ஒரு விளக்கம் இருக்கும். யாரும் கேட்கவேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

"இந்தக் கறி எந்த எடத்துக் கறின்னு கேட்டியா? தொடை. எருமை அந்தச் சதைய வச்சுத்தான் ஊரெல்லாம் நடக்குது. ஒழைக்கிற சதைல நாரு ஜாஸ்தி. அத மெதுவா மணிக்கணக்கா வேக வச்சாத்தான் எளகும். முதுகெலும்புக்கு உள்பக்கம் ஒரு சதை கீது பாரு, அண்டர்கட். அது நடக்கவும் நடக்காது, பாரம் தூக்கவும் தூக்காது. சும்மா படுத்துக்கெடக்கும். அதுல நாரே இருக்காது. ரெண்டு நிமிஷச் சூடு போதும். தொடை கான்ட்ராக்ட் ஆளுன்னு வச்சுக்கோ. அண்டர்கட் பர்மனென்ட்."

"நீங்க பர்மனென்ட்டுதானே?"

"ஆமா."

"தெரிஞ்சுபோச்சு."

இரண்டாவது ஞாயிறு அண்டர்கட் வந்தது. கடைக்காரர் "இன்னும் கொணமாகலியா?" என்று விசாரித்துத்தான் கொடுத்தார். நாரின் போக்குக்குக் குறுக்காகச் சீவ வேண்டும் என்று லதாவே கண்டுபிடித்தாள். நார் என்பது நீளமான கயிறு. நீளவாக்கில் சீவினால் வாயில் முழுக் கயிறு வரும், குறுக்கே சீவினால் கால் அங்குலத் துணுக்கு வரும். மெல்லுகிற வேலையைப் பல்லுக்கு முன்னால் கத்தியே முடித்துவிடுகிறது.

குக்கர் இந்தமுறை பரண்மேல் ஏறியிருந்தது. கை தானாகப் போனாலும் எட்டக்கூடாது என்று அவளே ஏற்றி வைத்திருந்தாள். இரும்புச் சட்டி காய்ந்தது, வெண்ணெய் உருகியது. அரைக் கிலோ கறியையும் கிளமெண்ட் உதவியாக ஒரே தள்ளில் சட்டிக்குள் தள்ளினார்.

சொய்ங் என்ற சத்தம் இரண்டு வினாடிதான். பிறகு சட்டி அடங்கிப்போய்க் களக் களக் என்று கொதிக்க ஆரம்பித்தது. கறி தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே சாம்பல் நிறமாக வெந்தது.

"இன்னாங்க இது?"

கிளமெண்ட் சட்டியை எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. தன் செக்‌ஷனிலேயே தப்பு செய்துவிட்ட ஆளின் முகம். "ஃபர்னஸ்ல லோடு ஜாஸ்தி," என்றார். "சட்டி எவ்ளோதான் சூடு சேத்து வச்சிருக்கும்? அம்புட்டு ஜில்லுன்னு கறி ஒண்ணா வந்து விழுந்தா சட்டி ஆறிப்போவும். ஆறின சட்டியால தண்ணிய ஆவியாக்க முடியல. தண்ணி நின்னுபோச்சுன்னா செவக்காது. தண்ணி நூறு டிகிரிய தாண்டாது, செவக்கறதுக்கு நூத்தி நாப்பதாவது வேணும்."

"இத தள்றதுக்கு முன்னால சொல்லக்கூடாதா?"

"தள்ளினப்பறந்தான் தெரிஞ்சுது."

அன்றைக்கே அடுத்த விபத்தும் நடந்தது. பில்லின் பின்னால் 'சவர் க்ரீம்', அதாவது புளித்த க்ரீம், என்று இருந்ததற்கு லதா பாக்கெட் தயிரை ஊற்றினாள். கொதித்துக்கொண்டிருந்த குழம்பில் விழுந்த தயிர், கண்ணெதிரே பிரிந்து, வெள்ளைத் திப்பியும் மஞ்சள் தண்ணீருமாக ஆனது. குழந்தை கக்கியதுபோல என்று அவளுக்குத் தோன்றியது. சாப்பிட வேண்டியவர் கிளமெண்ட் என்பதால் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுவதும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே தயிரைப் பற்றி யோசித்தாள். தயிரில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். மீதி, சூடு பட்டால் சுருங்கிக் கட்டியாகும் புரதம். சுருங்கும்போது தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அதுதான் பிரிவது. ஆக, முதலில் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இரண்டாவது, புரதத்துக்கு நடுவில் கொழுப்பு நிறைய இருக்கவேண்டும். கூட்டத்தில் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ள முடியாமல் நடுவில் ஆட்கள் நிற்பதுபோல, கொழுப்பு நின்றால் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. மூன்றாவதைக் கிளமெண்ட் சொன்னார்: "பழுத்த இரும்ப திடீர்னு தண்ணில போட்டா விரிசல் விடும். தயிருக்கும் அதே கதிதான். பதமா ஏத்தணும்."

மூன்றாவது ஞாயிறு. தயிரை முந்தின நாளே துணியில் கட்டித் தொங்கவிட்டு வடித்தாகிவிட்டது. பாக்கெட் க்ரீமை அதோடு அடித்துக் கலந்து ராத்திரி முழுக்க வெளியே வைத்தாள். காலையில் கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில், இதமான புளிப்போடு இருந்தது. கறியைக் கைப்பிடி கைப்பிடியாக ஐந்து தடவையில் வாட்டினாள். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடம். கிளமெண்ட் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்பது நிபந்தனை. கறியை எடுத்துவிட்டு, அதே சட்டியில் வெங்காயம், காளான். அடியில் பழுப்பாக ஒட்டியிருந்ததைக் கொஞ்சம் எலும்புச் சாறு ஊற்றிச் சுரண்டிக் கரைத்தாள். அந்தப் பழுப்பில்தான் கறியின் சத்தியமெல்லாம் இருக்கிறது. மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி அரைத்த கடுகு. அடுப்பை அணைத்தாள். சூடான குழம்பைக் கரண்டி கரண்டியாக எடுத்து ஒரு கிண்ணம் க்ரீமில் விட்டுக் கலக்கி, க்ரீமுக்குச் சூட்டைப் பழக்கிவிட்டு, பிறகு சட்டிக்குள் ஊற்றி, எடுத்துவைத்த கறியையும் போட்டுப் புரட்டினாள்.

பிரியவில்லை. பட்டுத்துணி மடிந்து விழுவதுபோலக் கரண்டியிலிருந்து விழுந்தது.

கிளமெண்ட் ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். கையைக் கழுவிக்கொண்டு வந்து மூன்றாவது வாய்.

"எப்புடி கீது?"

"இதுல ஒரு பச்சமொளகா கீறிப் போட்டா..."

"வாய மூடுங்க."

"நல்லாகீது லதா," என்றார் கிளமெண்ட். இந்தமுறை விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அதிலேயே லதாவுக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமைக்கு வேண்டியதைச் சாயங்காலமே தனியாகச் செய்து ஃப்ரிட்ஜில் வைத்தாள். க்ரீமை மட்டும் கலக்கவில்லை. சேர்த்துக் கொண்டுபோனால் அங்கே மறுபடி சூடுபண்ணும்போது பிரிந்துவிடும். அதனால் மூன்று டப்பா: வாட்டிய கறி ஒன்றில், காளான் குழம்பு ஒன்றில், புளித்த க்ரீம் ஒன்றில். மூன்றையும் ஒரு பையில் வைத்து, மேலே தன் காலைச் சாப்பாட்டுக்கு நாலு இட்லி வைத்தாள்.

ரயில் மாரிகுப்பத்தில் காலியாகப் புறப்படும். அங்கே ஏறுகிற மாணிக்கராஜ், ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர், ஐந்து கைக்குட்டைகளை ஐந்து சீட்டில் விரித்து இடம் பிடித்து வைப்பார். ஊரிகத்தில் லதா ஏறுவாள். அடுத்த ஸ்டேஷனில் நர்ஸ் சுமா ஏறுவாள். பங்காருபேட்டை வந்துவிட்டால் கூட்டம் நெரிக்கும், முழங்கை மடக்க இடமிருக்காது. அதனால் அதற்கு முன்பே காலைச் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். எல்லார் பையும் மாணிக்கராஜின் தலைக்கு மேல் இருக்கும் கொக்கிகளில் தொங்கும். எந்த டப்பாவை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். கேட்டுத் திறப்பதுதான் அந்தப் பெட்டியில் மரியாதைக் குறைவு.

லதா நாலு மணிக்கே எழுந்தவள். ஜன்னல் காற்று பட்டதும் தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது மாணிக்கராஜ் விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

"லதாம்மா, இன்னா தயிரும்மா இது! வெண்ண மாதிரி கீது. என் தக்காளி சோத்துக்குன்னே செஞ்சா மாதிரி. இன்னோரு டப்பாவுல கறி இருந்துது, மசாலாவே இல்லாம மொட்டையா. யாருக்கோ பத்தியச் சாப்பாடு போலன்னு அத தொடல."

லதா டப்பாவைப் பார்த்தாள். ஓரத்தில் விரலால் வழித்த தடம் மட்டும் இருந்தது. வழித்தது சுமா.

"அக்கா? இன்னாக்கா? ஏன் அழற?"

அப்போதுதான் லதா சொன்னாள். ஸ்டவ், ஆறு வரி, மூன்று ஞாயிறு, செவ்வாய்க்கிழமை வரப்போகும் பையன், எல்லாம். அழுகைக்கு நடுவில் தயிரின் புரதத்தையும் சொன்னாள்.

மாணிக்கராஜ் நக்கிய விரலை அவசரமாகப் பேன்ட்டில் துடைத்தார்.

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுதானே!" என்று மாணிக்கராஜ் வெடித்தார். தன்மேல் வந்த கோபத்துக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. "நாங்க இன்னா, கண்ணு போட்டுடுவமா?"

"கண்ணு போடல. வாயில போட்டுட்டீங்க," என்றாள் லதா.

சுமாவுக்குச் சிரிப்பு வந்து, அடக்கியதில் விக்கல் எடுத்தது.

"பங்காருபேட்டைல வண்டி நிக்கும்," என்று எழுந்தார் மாணிக்கராஜ். "இன்னா தயிர் வேணும்? சொல்லு."

"கெட்டித் தயிரா மூணு பாக்கெட். ஆனா தண்ணி வடியணுமே அண்ணா. மணிக்கணக்காத் தொங்கணும். வொயிட்ஃபீல்டுக்கு ஒரு மணி நேரந்தானே கீது."

"நீ தொங்கறதுக்கு வழி பண்ணு. நான் தயிர் வாங்கியாறேன்."

வண்டி நிற்குமுன்பே குதித்தார். ஐம்பத்தாறு வயதில் அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எதையோ திருடிக்கொண்டு ஓடுகிறார் என்று வழிவிட்டார்கள். வண்டி நகரும்போது பாக்கெட்டுகளோடு ஏறி, மூச்சு வாங்கியபடி சீட்டில் விழுந்தார்.

வடிகட்டத் துணி வேண்டும். இடம் பிடிக்கிற கைக்குட்டைகளை யாரும் யோசிக்கவே இல்லை. அவை எத்தனை வருடம் எத்தனை சீட்டைத் துடைத்திருக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். சுமா தன் பையைத் துழாவி, பிரிக்காத ஒரு பாக்கெட்டை எடுத்தாள். மாமியாரின் கால் புண்ணுக்குக் கட்ட வாங்கிய, வலை மாதிரி மெல்லிய காஸ் துணி.

"கிருமியே இல்லாத துணி அக்கா. இதவிட சுத்தமா உன் செஃப் கிச்சன்லகூட இருக்காது."

லதா எல்லாத் தயிரையும் ஒரே மூட்டையாகக் கட்டப் போனாள். கை பாதியில் நின்றது. பெரிய மூட்டையின் நடுவில் இருக்கிற தண்ணீர் துணி வரைக்கும் வரவேண்டுமென்றால் மூன்று அங்குலத் தயிரைத் தாண்டவேண்டும். வழியெல்லாம் அடைப்பு. அதையே சின்னச் சின்னதாகப் பிரித்தால்? தூரம் ஒரு அங்குலம். வாசல் நாலு. இவ்வளவு கூட்டமும் ஒரே கதவில் இறங்குவதற்கும் நாலு கதவில் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தானே.

"நாலா கட்டணும்," என்றாள். அழுகை எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை.

"கையால புழிஞ்சுட்டா?" என்றார் மாணிக்கராஜ்.

"வேணாம் அண்ணா. புழிஞ்சா தயிரே துணி வழியா வந்துடும். தண்ணி தானா வரணும். வண்டி ஆட்டுது இல்ல, அது போதும்."

நாலு கொக்கியில் நாலு வெள்ளை மூட்டை தொங்கியது. கீழே நாலு டப்பா மூடிகள். மாணிக்கராஜ் இரண்டு பிடித்தார், சுமா ஒன்று, எதிர் சீட்டு ஆள் ஒருவர் ஏனென்று கேட்காமலே ஒன்று. வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் மூட்டைகள் ஒருபக்கமாகச் சாய்ந்தன. மூடிகளும் அந்தப் பக்கமே ஓடின. புதிதாக ஏறிய கூட்டம் அந்த மூட்டைகளுக்குக் கீழே மட்டும் வரமறுத்தது.

"ஏன்ரீ இது? பூஜையா?" என்று பாதிக் கன்னடத்தில் கேட்டார் ஒரு பெரியவர்.

"பரீட்சை," என்றார் மாணிக்கராஜ், மூடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வொயிட்ஃபீல்டில் இறங்கும்போது தயிர் பாதியாகச் சுருங்கியிருந்தது. மாணிக்கராஜின் யூனிஃபார்ம் சட்டையில் ஒரு பெரிய ஈரவட்டம் இருந்தது. சுமா காதருகே வந்து, "அக்கா, பயப்படாத. தயிர் நல்லா இறுகிடுச்சு," என்றாள், ஆபரேஷன் முடிந்து வெளியே வந்து சொல்கிற தொனியில்.

கஃபே கிச்சனில் ரூபேஷ் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம்."

"சார், கொஞ்சம் க்ரீம் எடுத்துக்கட்டுமா? அரை எலுமிச்சம்பழமும்."

"கொண்டு வரலையா?"

"கொண்டுவந்தேன் சார். வண்டியில சாப்ட்டுட்டாங்க."

ரூபேஷ் புருவத்தைத் தூக்கினார். ஃப்ரிட்ஜைக் காட்டினார்.

வடித்த தயிரில் க்ரீமைச் சேர்த்து அடித்தாள். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். கடைத் தயிர், புளிப்பு போதவில்லை. எலுமிச்சம்பழம் ஆறு சொட்டு. ஏழாவதை விட நினைத்து நிறுத்தினாள். குழம்பைச் சூடாக்கினாள். அடுப்பை அணைத்தாள். ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி, க்ரீமுக்குச் சூட்டைப் பழக்கினாள். ஊற்றினாள். ஓரத்தில் எங்கேனும் தண்ணீர்க்கோடு விடுகிறதா என்று குனிந்து பார்த்தாள். விடவில்லை. கடைசியாகக் கறியைப் போட்டு ஒரு புரட்டு. அது மறுபடி வேகக்கூடாது, குளிர் நீங்கினால் போதும்.

ரூபேஷ் நின்றபடியே சாப்பிட்டார். நாலாவது வாய்க்குப் பிறகு முள்கரண்டியை வைத்தார்.

"புளிப்பு இன்னும் ஒரு பிடி வேணும்."

"தெரியும் சார். ராத்திரி முழுக்க வெச்சிருந்தா வந்திருக்கும். எலுமிச்சம்பழத்துலயே கொண்டுவரப் பாத்தா எலுமிச்ச வாசனை வந்துடும்."

"இது ஏன் பிரியல?"

லதா சொன்னாள். தண்ணீரைச் சொன்னாள், புரதத்தைச் சொன்னாள், நடுவில் நிற்கிற கொழுப்பைச் சொன்னாள். சட்டியில் ஏன் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும், நாருக்கு ஏன் குறுக்கே வெட்டவேண்டும் என்று அவர் கேட்காததையும் சொன்னாள். கிளமெண்டின் நோய் தனக்கும் ஒட்டிக்கொண்டதை உணர்ந்து, எருமையின் தொடைக்கு வந்தபோது சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

ரூபேஷ் போனை எடுத்தார். "தம்பி, நாளைக்கு வரவேணாம். ஆள் கெடச்சாச்சு," என்று யாரிடமோ சொல்லிவிட்டு, தட்டில் மிச்சமிருந்ததை வழித்துச் சாப்பிட்டார்.

லதா ஸ்டவ்வின் குமிழ்களைப் பார்த்தாள். ஆறு. மெதுவாக ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்து, இறுக்கி மறுபடி கட்டிக்கொண்டாள்.

"சார், இப்ப இன்னா செய்யட்டும்?"

"வெங்காயம்," என்றார் ரூபேஷ். "கட்டிங்குக்கு இன்னும் ஆள் எடுக்கல. பதினெட்டு கிலோவும் அங்கியே கெடக்குது. முடிச்சுட்டு பன்னெண்டரைக்கு ஸ்டவ்வுக்கு வா."